இலையிலிருந்து டிஎன்ஏ எடுப்பது: கைக்கு எங்கே நிதானம் வேண்டும்?

செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரிந்திருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. ஒரு வருஷம் எங்கள் முதுநிலை முதலாண்டு மாணவர்கள் டிஎன்ஏ எடுக்க அந்த இலையைத்தான் பறித்து வந்தார்கள். ஆய்வக வாசலிலேயே செடி நின்றது, இலையும் பெரிது, கிழிக்கவும் எளிது. மூன்று மணி நேர வேலைக்குப் பிறகு ட்யூபின் அடியில் வந்து உட்கார்ந்தது வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாக ஒரு உருண்டை, அது திரவம் உறிஞ்சும் பைபெட்டின் டிப்பிலும் ஏறவில்லை, தண்ணீரிலும் கரையவில்லை. இத்தனைக்கும் செய்முறைத் தாளில் இருந்த ஒரு வரியைக்கூட அவர்கள் விடவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது: எதை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அந்தத் தாள் சொல்கிறது, ஏன் ஊற்றுகிறோம் என்று சொல்லவில்லை, கை எந்த இடத்தில் நிதானிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதல் தடவை செய்யப்போகிற மாணவருக்கும், முதல் தடவை சொல்லித்தரப்போகிற ஆசிரியருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நாம் தேடுகிற பொருள் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரபணுத் தொகுதி சுமார் 39 கோடி எழுத்துகள் (டிஎன்ஏ இழையில் கோத்திருக்கும் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்), அவை 12 குரோமோசோம்களில் பிரிந்து இருக்கின்றன. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். கணக்குப் போட்டால் சராசரியாக ஒரு குரோமோசோமின் டிஎன்ஏ இழை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். ஆனால் அதன் தடிமன் வெறும் 2 நானோமீட்டர். இதை மாணவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: அந்த இழையை 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலாகப் பெருக்கினால், அந்த நூல் ஐந்தரை கிலோமீட்டர் நீளம் ஓடும். அப்படி ஒரு நூல்கண்டைச் சிக்கு விழாமல், அறுந்துபோகாமல், சேறும் சகதியுமான ஒரு குழம்பிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நீங்கள் எப்படிக் கை வைப்பீர்கள்? அந்த எண்ணம் மனதில் விழுந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. முழு நீளத்தில் யாராலும் எடுக்க முடியாது, சாதாரண முறையில் வருவது சில பத்தாயிரம் எழுத்து நீளமுள்ள துண்டுகள்தான், டிஎன்ஏவில் ஒரு பகுதியை மட்டும் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் போன்ற வேலைகளுக்கு அது தாராளம். ஆனால் முரட்டுக் கை பட்டால் அந்தத் துண்டுகளும் தூளாகும்.

இந்த வேலையின் ஆரம்பமே கைப்பக்குவத்தில்தான் இருக்கிறது. 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், ஒரு பழைய கோட்டையின் சமையலறையாக இருந்த ஆய்வகத்தில், ஃபிரீட்ரிஷ் மீஷர் என்ற இளைஞர் மருத்துவமனையிலிருந்து வந்த சீழ் படிந்த கட்டுத்துணிகளைக் கழுவி, அதிலிருந்த வெள்ளணுக்களைச் சிதையாமல் பிரித்து, அவற்றின் உட்கருவிலிருந்து ஒரு புதுப் பொருளைத் திரட்டினார். நியூக்ளின் என்று பெயர் வைத்தார். எந்த உப்புக் கரைசலில் கழுவினால் செல் உடையாமல் இருக்கும் என்று மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு ரெடிமேட் கிட் இருக்கிறது, உண்மைதான். கிட்டில் செய்தாலும் தப்பு நடக்கிற இடங்கள் பெரும்பாலும் இதே இடங்கள்தான், அதனால் கற்றுக்கொள்ளும்போது ஒரு தடவையாவது கையால் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

செடிகளுக்கு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பது சிடிஏபி முறை, ஆய்வகப் பேச்சில் சீடாப். 1980இல் முர்ரே, தாம்ப்சன் இருவரும் தாவரங்களுக்காக வெளியிட்டது, 1987இல் ஜெஃப் டாயில், ஜேன் டாயில் இருவரும் பச்சை இலைக்கு ஏற்றபடி எளிமையாக்கியது. இன்று கல்லூரிகளில் கைக்குக் கை மாறி வரும் ஜெராக்ஸ் தாள்களில் பெரும்பாலானவை இதன் வாரிசுகள்தான்.

இலையிலிருந்து ஆரம்பிக்கலாம். இளம் இலை எடுங்கள். முற்றிய இலையில் மாவுச்சத்து, பிசின், துவர்ப்புப் பொருள்கள் எல்லாம் சேர்ந்திருக்கும், செல்களோ பெரிதாக வளர்ந்திருக்கும், ஒரே எடைக்குக் கிடைக்கிற உட்கருக்கள் குறைவு. தளிர் இலையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் குறைந்த எடையிலேயே நிறைய டிஎன்ஏ வரும். முடிந்தால் செடியை ஒருநாள், இரண்டு நாள் இருட்டில் வைத்துவிட்டுப் பறிக்கலாம், சேர்த்து வைத்த மாவுச்சத்தை அதுவே செலவழித்துவிடும். பறித்த இலையைக் கழுவித் துடைத்து, 70 சதவீத எத்தனால் நனைத்த பஞ்சால் ஒரு தரம் துடைத்துவிடுங்கள், இலைமேல் இருக்கும் பூஞ்சைக்கும் பூச்சி முட்டைக்கும் டிஎன்ஏ உண்டு. எடை 100 மில்லிகிராம் போதும். அது ஒரு சின்ன வெற்றிலையின் கால் பாகம்கூட இருக்காது, பார்ப்பதற்குப் பாவமாக இருக்கும். மாணவர்கள் இங்கேதான் முதல் தப்பு செய்வார்கள், நிறையப் போட்டால் நிறைய வரும் என்று 300 மில்லிகிராம் திணிப்பார்கள். இலைத் தூளைப் போடும் கரைசலான பஃபரின் அளவு அதேதான் என்பதால் அழுக்கு மூன்று மடங்காகி, டிஎன்ஏ முன்பைவிடக் குறைவாகவே வெளியே வரும்.

அடுத்தது அரைப்பது. செல்சுவர் செல்லுலோஸால் ஆன கெட்டிச் சுவர், அதை எந்த சோப்பும் கரைக்காது, அடித்துத்தான் உடைக்க வேண்டும். பீங்கான் கல்வத்தில் திரவ நைட்ரஜன் ஊற்றி, கல்வமும் குழவியும் நன்றாகக் குளிர்ந்த பிறகு இலையைப் போட்டு, மறுபடி கொஞ்சம் ஊற்றி, அது கொதித்து அடங்கும்போது அரைக்க வேண்டும். மைனஸ் 196 டிகிரியில் இலை அப்பளம் மாதிரி நொறுங்கும். வெளிர்பச்சை நிறத்தில், முகத்துக்குப் போடும் பவுடர் போல ஆகிற வரை விடாதீர்கள். திரவ நைட்ரஜனைப் பற்றி ஒன்று: காற்றோட்டம் உள்ள அறை, முகக் கண்ணாடி, அதற்கென்று உள்ள தளர்வான கையுறை, இந்த மூன்றும் இல்லாமல் கேனைத் திறக்க விடாதீர்கள், இறுக மூடிய எந்தப் பாத்திரத்திலும் ஊற்றி வைக்கவும் கூடாது, ஆவியாகி விரிந்தால் வெடிக்கும்.

இந்தத் தூளை எடுத்துப் பஃபரில் போடுகிற அந்த அரை நிமிடம்தான் முழு வேலையிலும் மிக ஆபத்தான நேரம். வாழைப்பூ ஆய்ந்தவுடன் மோர்த் தண்ணீரில் போடுகிறோம் இல்லையா, போடாவிட்டால் கறுத்துப்போகும். இலைச் செல்லிலும் அதேதான். உடையாத செல்லில் துவர்ப்புப் பொருளான பாலிஃபீனாலும், அதைக் கறுக்க வைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைத்ததும் சுவர்கள் போய்விட்டன, குளிர் மட்டும்தான் இப்போது தடுப்பு. தூள் உருகிய நொடியில் இரண்டும் கலக்கும், கறுத்த பொருள் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் பிறகு பிரிப்பது மகா கஷ்டம். கூடவே டிஎன்ஏவை வெட்டும் நொதிகளும் விழித்துக்கொள்ளும். அதனால் பஃபர் 65 டிகிரியில் சூடாக, மூடி திறந்து தயாராகப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஸ்பேட்டுலாவையும் நைட்ரஜனில் முக்கிக் குளிர வைத்திருக்க வேண்டும், தூள் உருகுமுன் உள்ளே விழ வேண்டும். “மேம், ட்யூபில் பேர் எழுதிட்டு வந்துடறேன்” என்று அந்த நேரத்தில் ஒருவர் நகர்ந்தால் அந்த சாம்பிள் போயிற்று. பேர் எழுதுவது, டிப் அடுக்குவது, வாட்டர் பாத் சூடு பார்ப்பது எல்லாம் இலையைத் தொடுமுன் முடிந்திருக்க வேண்டும்.

இதை வாயால் பத்துத் தடவை சொல்வதைவிட நான் செய்வது வேறு. ஒரே இலையைப் பாதியாக்கி, ஒரு பாதித் தூளை உடனே பஃபரில் போடச் சொல்வேன், இன்னொரு பாதியைக் கல்வத்திலேயே ஐந்து நிமிடம் உருக விட்டுப் பிறகு போடச் சொல்வேன். இரண்டையும் கடைசி வரை கொண்டுபோய் ஒரே ஜெல்லில், அதாவது மின்சாரத்தால் டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் கூழ்ப் பலகையில், பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுவோம். மா இலையில் இதைச் செய்தால் வித்தியாசம் ஜெல் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ட்யூபிலேயே தெரியும், ஒன்று பச்சை, இன்னொன்று காபி டிகாக்‌ஷன். அதைப் பார்த்த மாணவர் வாழ்நாளில் தூளை உருக விட மாட்டார்.

சரி, அந்தப் பஃபரில் என்னதான் இருக்கிறது? சிடிஏபி 2 சதவீதம், சோடியம் குளோரைடு 1.4 மோலார், பிஎச்சை நிலையாக வைக்கும் டிரிஸ் 100 மில்லிமோலார் பிஎச் 8, இடிடிஏ 20 மில்லிமோலார். அத்துடன் பிவிபி 1 அல்லது 2 சதவீதம், பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் மெர்கேப்டோஎத்தனால் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோலிட்டர். சிடிஏபி ஒரு சோப்பு வகை, கொழுப்பாலான செல்சவ்வை அது கரைக்கும். ஆனால் சாதாரண சோப்பிலிருந்து இதற்கு ஒரு வித்தியாசம், இதன் தலையில் நேர்மின்னேற்றம் இருக்கிறது. டிஎன்ஏவுக்கு எதிர்மின்னேற்றம். அப்படியானால் இரண்டும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடாதா? படியும், உப்பு குறைவாக இருந்தால். அதற்குத்தான் இவ்வளவு உப்பு. 100 மில்லிலிட்டருக்கு 8.2 கிராம், கடல்நீரைவிட இரண்டு மடங்குக்கு மேல். உப்பின் அளவு 0.7 மோலாருக்கு மேலே இருக்கும் வரை டிஎன்ஏ கரைந்தே இருக்கும், புரதங்களும் பிசின் சர்க்கரைகளில் பெரும்பகுதியும் சிடிஏபியோடு சேர்ந்து, பின்னால் குளோரோஃபார்ம் ஊற்றும்போது ஒதுங்கிவிடும். இந்த முறையின் உயிரே இந்த உப்பில்தான் இருக்கிறது. உப்பை எடை போடும்போது கவனம் சிதறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

இடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், மெக்னீசியம் இல்லாமல் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் வேலை செய்யாது. பிவிபி பாலிஃபீனாலைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும், மெர்கேப்டோஎத்தனால் கறுப்பதைத் தடுக்கும், அதாவது நம் வாழைப்பூவுக்கு மோர் செய்கிற வேலையை இந்த இரண்டும் பங்கு போட்டுச் செய்கின்றன. மெர்கேப்டோஎத்தனால் நாற்றம் தாங்க முடியாது, நச்சும்கூட, நச்சு ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

தூள் விழுந்ததும் ட்யூபை மூடி மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கட்டியில்லாமல் கலக்கி, 65 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைக்கலாம், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கவிழ்த்துவிட வேண்டும். இந்த இடத்தில் நல்ல மாணவர்கள்தான் தப்பு செய்வார்கள். டிஎன்ஏ என்றால் ஐஸில் வைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருப்பார்கள், வாட்டர் பாத்திலிருந்து எடுத்ததும் ட்யூபை ஐஸ் பெட்டியில் குத்தி வைப்பார்கள். குளிரில் சிடிஏபி கரைசலிலிருந்து பிரிந்து வெள்ளையாக உறைந்துவிடும், கூடவே டிஎன்ஏவையும் இழுத்துக்கொண்டு போகும். இந்த முறையில் குளோரோஃபார்ம் கட்டம் முடியும் வரை ஐஸுக்கு வேலையே இல்லை, ட்யூபை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜும் அறை வெப்பத்தில்தான் ஓட வேண்டும். அதற்காகச் சுடச்சுட இருக்கும் ட்யூபில் குளோரோஃபார்ம் ஊற்றிவிடவும் கூடாது, அது 61 டிகிரியிலேயே கொதிக்கும், மூடி தெறித்து முகத்தில் அடிக்கும். ஐந்து நிமிடம் மேசையில் வைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

இனி நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம். 600 மைக்ரோலிட்டர் பஃபருக்கு அதே அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் கலவை, 24க்கு 1 என்ற விகிதத்தில். 2 மில்லிலிட்டர் ட்யூப் என்றால் கலக்க இடம் இருக்கும். குளோரோஃபார்மைப் பைபெட்டில் எடுத்தாலே டிப்பிலிருந்து சொட்டும், அதன் ஆவி உள்ளே காற்றை விரிப்பதால் அப்படி, இரண்டு மூன்று தடவை உறிஞ்சி விட்டு டிப்பை நனைத்துக்கொண்டால் சொட்டாது. நைட்ரைல் கையுறையைக் குளோரோஃபார்ம் சீக்கிரமே ஊடுருவிவிடும், அதனால் மேலே சிந்தினால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும், கையுறை இருக்கிறதே என்று இருக்கக் கூடாது. மார்க்கர் எழுத்தையும் அது அழித்துவிடும், மூடியிலும் பக்கவாட்டிலும் இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் தப்பிக்கலாம்.

ஊற்றியபின் வோர்டெக்ஸ், அதாவது ட்யூபை அதிரவைத்துக் கலக்கும் கருவி, வேண்டாம். செல் உடையும் வரைதான் முரட்டுத்தனம், உடைந்தபின் டிஎன்ஏ திறந்த வெளியில் கிடக்கிறது. குழந்தையைத் தூளியில் ஆட்டுகிற வேகம், அவ்வளவுதான், ஐந்து பத்து நிமிடம். பிறகு எதிரெதிரே எடை சமமாக வைத்து, 12,000 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் சுற்றினால் ட்யூபில் மூன்று அடுக்கு தெரியும்: அடியில் பச்சையம் கரைந்த கரும்பச்சைக் குளோரோஃபார்ம், நடுவே ஆடை படிந்த மாதிரி வெள்ளைப் புரதத் தட்டு, மேலே தெளிந்த நீர்ப்பகுதி. நமக்கு வேண்டியது மேலே இருப்பது மட்டும்.

இதை எடுக்கிற கையைப் பாருங்கள். ட்யூபைக் கண் மட்டத்துக்குத் தூக்கி லேசாகச் சாய்க்க வேண்டும். நுனி வெட்டிய டிப் வேண்டும், சுத்தமான பிளேடால் நுனியில் நாலைந்து மில்லிமீட்டர் வெட்டிவிட்டால் வாய் அகலும், நீண்ட இழை நெருக்கடியில்லாமல் ஏறும். பைபெட்டின் பட்டனை வெளியிலேயே அமுக்கிக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும், உள்ளே போய் அமுக்கினால் காற்றுக்குமிழி வெள்ளைத் தட்டைக் கலைத்துவிடும். டிப் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சுவரை ஒட்டி. கட்டைவிரலை விடுவது மூச்சு விடுகிற மாதிரி மெதுவாக, நீர் இறங்க இறங்க டிப்பும் கூடவே இறங்க வேண்டும். ஒரே மூச்சில் எடுக்காமல் 100, 100 மைக்ரோலிட்டராக எடுங்கள். மேலே 500 அளவுக்கு இருக்கும். நான் 400ஐத் தாண்ட விடமாட்டேன்.

“மேம், இன்னும் கொஞ்சம் இருக்கே, எடுத்துடட்டுமா?” எல்லா பேட்சிலும் இந்தக் கேள்வி வரும். அந்தக் கடைசி நூறில் டிஎன்ஏ இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதை எடுக்கப் போகிற டிப் அந்த வெள்ளைத் தட்டைத் தொடும், தொட்டால் இவ்வளவு நேரம் ஒதுக்கி வைத்த புரதமும் பிசினும் மொத்தமாக மேலே ஏறிவிடும். ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு நாலு பங்கைச் சுத்தமாக எடுப்பதுதான் லாபம். தப்பித்தவறித் தட்டைக் கலைத்துவிட்டால் பதற வேண்டாம், எடுத்ததை அதே ட்யூபில் விட்டு மறுபடி பத்து நிமிடம் சுற்றினால் அடுக்கு திரும்பிவிடும். இது முதல் வகுப்பிலேயே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாததால்தான் கலைந்ததை மறைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள்.

குளோரோஃபார்மைத் தொடுமுன் இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன், செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. கெட்டியான சர்க்கரைப் பாகில் கேசரி கலர் கலந்து ட்யூபில் பாதிக்கு ஊற்றி, அதன்மேல் சாதாரணத் தண்ணீரைச் சுவரோடு மெல்ல இறக்கினால் ஆரஞ்சு அடுக்கும் தெளிந்த அடுக்கும் தனித்தனியே நிற்கும். மேலே இருக்கும் தண்ணீரை நிறம் ஏறாமல் எவ்வளவு எடுக்க முடியும் என்று பாருங்கள் என்று விட்டுவிடுவேன். முதல் தடவை எல்லோருடைய டிப்பிலும் ஆரஞ்சு ஏறும். நாலாவது, ஐந்தாவது தடவை யாரும் பேச மாட்டார்கள், அறையே அமைதியாகும், கட்டைவிரல்கள் மெதுவாக எழும்பும். அந்த அமைதி வந்த பிறகுதான் நிஜ சாம்பிள் கொடுப்பேன். பைபெட் சரியாகப் பிடிக்கத் தெரிகிறதா என்று பார்க்கத் தராசே போதும், 1 மில்லிலிட்டர் தண்ணீர் 1 கிராம்தானே, 100 மைக்ரோலிட்டரைப் பத்துத் தடவை விட்டு எடை பார்த்தால் யார் பட்டனை அதன் முதல் நிறுத்தத்தைத் தாண்டி அமுக்குகிறார்கள் என்று உடனே தெரியும்.

எடுத்த நீர்ப்பகுதியைப் புது ட்யூபில் விட்டு, அதன் அளவில் மூன்றில் இரண்டு பங்கு குளிர்ந்த ஐசோபுரொப்பனால், அதாவது 400க்குச் சுமார் 270. இப்போது கண்ணை எடுக்காதீர்கள். இரண்டு திரவமும் சேரும் எல்லையில் முதலில் கானல்நீர் மாதிரி ஒரு அலைவு, ட்யூபை ஒரு தரம் மெல்லக் கவிழ்த்தால் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள், இன்னும் இரண்டு தரம் கவிழ்த்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு சின்னப் பஞ்சுத் துணுக்காக மிதக்கும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. இழை தெரிந்துவிட்டால் உடனே சுற்றலாம். ராத்திரி முழுக்க மைனஸ் 20இல் வைத்தால் இன்னும் அதிகம் வரும் என்பார்கள், வரும்தான், உப்பும் பிசினும்கூடச் சேர்ந்து வரும், நன்றாக வந்திருக்கும் சாம்பிளுக்கு அது தேவையில்லை.

பள்ளிக்கூடங்களில் வாழைப்பழம், பாத்திரம் துலக்கும் சோப்பு, உப்பு, ஸ்பிரிட் வைத்து இழை காட்டுகிறார்களே, அதுவும் நல்ல பாடம்தான். ஆனால் அங்கே குச்சியில் சுற்றி வருவது சுத்தமான டிஎன்ஏ இல்லை. பெக்டினும் புரதமும் அதில் ஏராளம், டிஎன்ஏவும் அதற்குள் இருக்கிறது. பிள்ளைகளிடம் அதை அப்படியே சொல்லிவிடலாம், அவர்களுக்குப் புரியும்.

சென்ட்ரிஃபியூஜில் வைக்கும்போது மூடியின் கீல் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்துப் பழக்குங்கள். படிவு கீல் இருக்கும் பக்கத்துச் சுவரில்தான் உட்காரும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருந்தாலும் இடம் தெரியும், எதிர்ப்பக்கம் சாய்த்து ஆல்கஹாலைக் கொட்டலாம். அப்புறம் 70 சதவீத எத்தனாலால் கழுவுதல். ஏன் 70, ஏன் 100 இல்லை என்று ஒருவராவது கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நானே கேட்பேன். மீதி 30 தண்ணீர்தான் உப்பைக் கரைக்கிறது, 70 ஆல்கஹால்தான் டிஎன்ஏவைக் கரையவிடாமல் வைத்திருக்கிறது. கழுவியபின் மறுபடி ஐந்து நிமிடம் சுற்றித்தான் கொட்ட வேண்டும், படிவு இப்போது சுவரை விட்டுக் கழன்றிருக்கும், சிங்க்கில் டிஎன்ஏ போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

காயவைப்பதில் பக்குவம் வேண்டும். மூடி திறந்து பத்துப் பதினைந்து நிமிடம். வெள்ளையாக இருந்த படிவு ஓரங்களில் கண்ணாடி போல மாறத் தொடங்கும்போது நிறுத்தினால் சரி. ஆல்கஹால் மிச்சம் இருந்தால் ஜெல் குழியில் சாம்பிள் நிற்காமல் மேலே மிதந்து ஓடிவிடும், அளவுக்கு மீறிக் காய்ந்தால் எளிதில் கரையாது. கரைக்க, டிரிஸும் இடிடிஏவும் மட்டும் உள்ள டிஇ பஃபர் 50 அல்லது 100 மைக்ரோலிட்டர். ஊற்றிவிட்டு டிப்பால் மேலும் கீழும் அடிக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அதை விட வேண்டும். ராத்திரி 4 டிகிரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் தானே கரைந்திருக்கும். டிஎன்ஏவின் உறவான ஆர்என்ஏவும் கூடவே வந்திருக்கும், அதை நீக்க ஆர்என்ஏஸ் நொதி சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம்.

வந்தது நல்லதா என்று இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவியில் 260 நானோமீட்டர் ஒளிக்கும் 280க்கும் உள்ள விகிதம் 1.8 பக்கம் வந்தால் புரதம் போயிருக்கிறது, 260க்கு 230 விகிதம் 2 பக்கம் வந்தால் உப்பு, பிசின், ஃபீனால் போயிருக்கின்றன. அது காட்டும் அளவை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், ஆர்என்ஏவையும் அது டிஎன்ஏ என்றே எண்ணும். ஜெல்தான் நிஜத்தைச் சொல்லும். 0.8 சதவீத அகரோஸ், பக்கத்தில் ஒப்பிட வெட்டாத லாம்டா வைரஸ் டிஎன்ஏ, அது 48,502 எழுத்து நீளம். நம் சாம்பிள் அதன் உயரத்திலோ சற்று மேலேயோ ஒரே பட்டையாக நின்றால் கை நன்றாக வேலை செய்திருக்கிறது. மேலிருந்து கீழ்வரை தாரை போல வழிந்திருந்தால் இலை உருகியதா, வோர்டெக்ஸ் போட்டாரா என்று விசாரிக்க வேண்டும். அடியில் மங்கலான மேகம் என்றால் ஆர்என்ஏ. குழியிலேயே ஒளிர்ந்துகொண்டு கீழே இறங்காமல் இருந்தால் பிசினோ புரதமோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

செம்பருத்தியில் அன்றைக்கு நடந்தது அதுதான். மறு வருஷம் அதே செடியில் தளிர் மட்டும் கிள்ளி, எடையை 50 மில்லிகிராமாகக் குறைத்து, குளோரோஃபார்ம் இரண்டு தடவை செய்து, கடைசியில் கரைத்த படிவில் உப்பை மறுபடி 1 மோலாருக்கு மேல் கூட்டி எத்தனாலால் திரட்டினோம். அவ்வளவு உப்பில் பிசின் கரைந்தே நிற்கும், டிஎன்ஏ மட்டும் இறங்கும். அந்த ஜவ்வரிசி உருண்டை இருந்த இடத்தில் நகத்தால் கீறிய அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஒரு மாணவி ட்யூபை வெளிச்சத்துக்கு எதிரே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்ளோதானா மேம்?” என்றாள். ஜெல்லில் அது லாம்டாவுக்குப் பக்கத்தில் ஒரே கோடாக நின்றது.

அந்த ஜெல் படத்தை, முந்தின வருஷத்துப் படத்தோடு சேர்த்து, ரெக்கார்டில் ஒட்டச் சொல்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. படத்துக்குக் கீழே எந்தக் குழியில் எந்த இலை, தளிரா முற்றியதா, எத்தனை மில்லிகிராம், மேல் அடுக்கில் எவ்வளவு எடுத்தார், எந்தக் கட்டத்தில் தடுமாறினார் என்று அவரவர் கையெழுத்தில் இருக்க வேண்டும், தடுமாறியதை எழுதினால் மதிப்பெண் குறையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். கரைத்த டிஎன்ஏவைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து, இந்த வாரம் வேண்டியதை 4 டிகிரியிலும் மற்றதை மைனஸ் 20லும் வையுங்கள், உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்துக்கொண்டே இருந்தால் இழை அறும். மூடியில் எழுதிய பேர்மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிடுங்கள், ஃபிரீசர் பனியில் மார்க்கர் எழுத்து ஆறு மாதம்கூடத் தாங்காது.